பிடி தளரும் கூடு

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில், களிமண் நிலத்தின் மேல் ஒரு ஜவுளி ஆலை நின்றது. காம்லெஸ்தாதன் ஆலை என்று பெயர். மண் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ, கட்டடம் அசைந்தது. கட்டடம் அசைய, இயந்திரங்களுக்கு விசை கொண்டுபோன நீண்ட இரும்புத் தண்டுகள் நேர்கோட்டை விட்டு விலகின. தண்டுகளைத் தாங்கிய பேரிங்குகள் அடிக்கடி பழுதாயின. ஒவ்வொரு முறையும் ஆலை நின்றது. அங்கே பராமரிப்பைக் கவனித்த ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இளம் பொறியாளர், பேரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடிவில்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கண்டார். 1907இல் அவர் உருவாக்கிய பேரிங்கில் இரண்டு வரிசைக் குண்டுகள்; வெளிவளையத்தின் உட்புறம் கோளமாகக் குழிந்திருக்கும். தண்டு சற்றுச் சாய்ந்தாலும் அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அதைத் தயாரிக்க எஸ்கேஎஃப் நிறுவனம் அதே ஆண்டில் பிறந்தது.

அந்த 1907இல்தான் அமெரிக்காவில் லியோ பேக்லேண்ட், முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்காகிய பேக்கலைட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டும் பல காலம் தனித்தனி வழியில் நடந்தன. பேரிங் என்றால் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள்தான் உட்காரும் என்ற வழக்கம் நீண்ட நாள் நீடித்தது. இன்று மேஜை விசிறி, கணினி, ஏர்கூலர், உணவுத் தொழிற்சாலையின் கன்வேயர், வாஷிங் மெஷின் என எங்கெங்கும் பேரிங்கைப் பிடித்திருக்கும் ஹவுசிங் பிளாஸ்டிக்கால் ஆனது. துருப் பிடிக்காது, எடை குறைவு, நூறு திருகு வேலைகளை ஒரே வார்ப்பில் முடித்துவிடலாம். ஆனால் விங்க்விஸ்டைப் படுத்திய அதே சிக்கல் வேறு உருவத்தில் திரும்ப வந்திருக்கிறது. அங்கே நகர்ந்தது நிலம். இங்கே நகர்வது பிளாஸ்டிக்.

முன்புறக் கதவுள்ள வாஷிங் மெஷினின் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். பெரிய பிளாஸ்டிக் டப்பின் முதுகு முழுவதும், நடுவிலிருந்து விளிம்பு வரை தடித்த விலாக்கள் ஓடுகின்றன. அவை எல்லாம் கூடும் மையத்தில் ஒரு பேரிங் கூடு. அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பேரிங்குகள்: துணி சுழலும் டிரம்முக்கு அருகில் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. 6206, 6205 என்ற எண்கள் கொண்ட ஜோடி பரவலாகப் புழங்குகிறது. அவற்றின் வழியே வரும் எஃகுத் தண்டின் ஒரு முனையில் மூன்று கைகள் கொண்ட அலுமினிய ஸ்பைடர் டிரம்மைப் பிடித்திருக்கிறது. மறுமுனையில் பெல்ட் ஓடும் புல்லி. அல்லது தண்டோடு நேரடியாகப் பொருந்திய தட்டையான மோட்டார்.

துணி பிழியும்போது இந்த மையத்தின் மேல் விழும் பாரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பிரமிப்பாக இருக்கும். நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் நொடிக்கு 20 சுற்று. டிரம்மின் ஆரம் 25 சென்டிமீட்டர் என்று கொண்டால், சுவரோடு ஒட்டிய துணி உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 400 மடங்கு. ஈரத்துணி ஒரு பக்கமாகத் திரண்டு அங்கே வெறும் 300 கிராம் கூடிவிட்டால், அது தண்டை இழுக்கும் விசை ஏறத்தாழ 120 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு நொடிக்கு 20 முறை வட்டமடிக்கிறது. 1937இல் அமெரிக்காவில் அறிமுகமான பெண்டிக்ஸ் தானியங்கி வாஷிங் மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கவேண்டி இருந்ததில் வியப்பில்லை. இன்றைய மெஷினில் டப் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கீழே ஷாக் அப்சார்பர்கள் தாங்குகின்றன. ஆட்டத்தைக் குறைக்க டப்போடு காங்கிரீட் எடைகளும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. மொத்த ஆட்டத்தை இவை அடக்கிவிடும். பேரிங்கிலிருந்து கிளம்பும் நுண்ணிய அதிர்வு அப்படி அடங்குவதில்லை. அது வேறு சாதி.

6205 பேரிங்கின் வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய பொருள் தானாகப் பெரிய சத்தம் போட முடியாது. அது அதிரும்போது அதன் முன்பக்கம் தள்ளும் காற்று ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் நழுவிவிடும். தாழ்ந்த ஒலிகளில் இந்த நழுவல் இன்னும் அதிகம். வீணைத் தந்தியைக் கழற்றி, கல்சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக்கட்டி மீட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். பலாமரக் குடமும் அதன் மேற்பலகையும் கூட அதிரும்போதுதான் தந்தியின் துடிப்பு சபைக்குக் கேட்கும் நாதமாகிறது. பேரிங்குக்குக் குடமாக வாய்ப்பது அதன் கூடும், அந்தக் கூட்டோடு ஒட்டிய அகன்ற பிளாஸ்டிக் பரப்பும்தான். வீணை செய்யும் ஆசாரி எதற்காக மெனக்கெடுகிறாரோ, அதற்கு நேர் எதிரானதற்காக வாஷிங் மெஷின் வடிவமைப்பாளர் மெனக்கெடுகிறார்.

புத்தம்புதிய பேரிங்கும் முழு மௌனம் காப்பதில்லை. குண்டுகள் உருளும் பாதை பளபளவென்று இருந்தாலும் அதில் மைக்ரானின் சிறு பின்னம் அளவுக்கு அலைமேடுகள் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த மேடுகள் எவ்வளவு சிறியவை என்பது விளங்கும். குண்டுகளை இடைவெளிவிட்டு நிறுத்தும் கேஜ் ஆடும். கிரீஸுக்குள் விழுந்த தூசி நசுங்கும். தேய்ந்துபோன பேரிங்கில் கதை இன்னும் தெளிவு. 6205இல் 9 குண்டுகள். வெளிவளையப் பாதையில் ஓரிடம் பொரிந்துவிட்டால், தண்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் குண்டுகள் அந்த இடத்தை 3.58 முறை கடக்கும். உள்வளையத்தில் பொரிந்தால் 5.42 முறை. 1,200 சுற்று வேகத்தில் கணக்கிட்டால் நொடிக்கு முறையே 72, 108 தட்டுகள். அதிர்வை அளந்து பார்க்கும் நிபுணர், மெஷினைப் பிரிக்காமலேயே எந்த வளையம் போயிருக்கிறது என்று சொல்வது இந்த எண்களை வைத்துத்தான்.

72 ஹெர்ட்ஸும் 108 ஹெர்ட்ஸும் மனிதக் காதுக்கு மந்தமான பகுதி. காதின் கூர்மையை ஒட்டி அமைந்த டெசிபல் அளவுகோல், 100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 19 டெசிபல் தள்ளுபடி செய்தே கணக்கில் எடுக்கும். பிறகு ஏன் கெட்ட பேரிங் அடுத்த அறை வரை உறுமுகிறது? ஒவ்வொரு தட்டும் கூட்டையும் டப்பையும் அவற்றின் சொந்த அதிர்வெண்ணில் ஒலிக்கச் செய்கிறது. அது சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை, காது மிகக் கூர்மையாக விழித்திருக்கும் பகுதியில் விழுகிறது. தட்டுவது பேரிங். குரல் கூட்டினுடையது.

இந்த இடத்தில் பிளாஸ்டிக்குக்கு ஒரு பெரும் சாதகம் உண்டு. எஃகுத் தகட்டைத் தட்டினால் ‘ணங்’ என்று நீண்டு ஒலிக்கும். அதே அளவு பாலிபுரொப்பிலீன் தகட்டைத் தட்டினால் ‘டொக்’ என்று அப்போதே அடங்கிவிடும். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசி, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. இந்தத் தணிப்பை அளக்கும் எண், எஃகுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து ஆயிரத்தில் ஒன்று வரை. பிளாஸ்டிக்குகளுக்கு நூறில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்று வரை. வித்தியாசம் நூறு மடங்கு வரக்கூடும். உலோகக் கூட்டை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் கூட்டைப் போட்டால் சத்தம் குறைந்துவிடும் என்று விற்பனை ஏடுகள் சொல்வது இதை நம்பித்தான்.

அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் வடிவமைப்பாளரின் தூக்கம் போகிறது.

முதலில் விறைப்பு. எஃகின் மீள்தன்மைக் கெழு சுமார் 200 கிகா பாஸ்கல், அலுமினியத்துக்கு 70. 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த நைலான் 66, ஈரமில்லாத நிலையில் 10க்கு அருகில் நிற்கும். வெறும் பாலிபுரொப்பிலீன் ஒன்றரைதான். தண்டு இழுக்கும்போது விறைப்பில்லாத கூடு வளைந்துகொடுக்கிறது. இரண்டு பேரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் நில்லாமல் போகின்றன. குண்டுகள் பாதையின் நடுவை விட்டு ஓரமாக உருளத் தொடங்கும். கோதன்பர்க் ஆலையில் நடந்தது இதேதான்.

அடுத்தது வெப்பம். நிரப்பி எதுவும் சேர்க்காத பாலிபுரொப்பிலீன் ஒரு டிகிரி சூட்டுக்கு மில்லியனில் நூறு பங்குக்குக் குறையாமல் விரியும். எஃகு 12 பங்குதான். 52 மில்லிமீட்டர் பேரிங்கை நேரடியாகப் பாலிபுரொப்பிலீன் துளைக்குள் அழுத்திப் பொருத்தியதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி அறையில் நின்ற மெஷினில் 90 டிகிரி வெந்நீர் சலவை ஓடுகிறது. கூடும் அதே சூட்டை அடைந்துவிட்டால், 60 டிகிரி ஏற்றத்தில் துளையின் விட்டம் 0.31 மில்லிமீட்டர் பெருக்கும், பேரிங் 0.04 மில்லிமீட்டர்கூடப் பெருக்காது. விட்டத்தில் 270 மைக்ரானுக்கு மேல் வித்தியாசம். இந்த அளவு பேரிங்கின் உள்ளே, குண்டுகளுக்கும் பாதைக்கும் நடுவே சாதாரணமாக விடும் இடைவெளியே 5 முதல் 20 மைக்ரான்தான். அறைவெப்பத்தில் சுத்தியல் போட்டாலும் அசையாத பேரிங், சூட்டில் துளைக்குள் தளதளவென்று ஆடும்.

ஆட்டம் கண்ட பேரிங் தட்டுவதோடு நிற்காது. பெல்ட் இழுக்கும் தண்டு போன்றவற்றில் பாரம் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதால், வெளிவளையம் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் அது இருந்த இடத்திலேயே கிடக்கும். வாஷிங் மெஷினில் அப்படியில்லை. திரண்ட துணியின் இழுப்பு தண்டோடு சேர்ந்து சுற்றுகிறது. வெளிவளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் மாறிமாறி அழுத்தப்படுவதால், வளையம் கூட்டின் சுவரில் மெல்ல மெல்ல ஊர்ந்து சுற்றத் தொடங்கும். கடினமான எஃகு, மென்மையான பிளாஸ்டிக்கைத் தேய்க்கும். துளை பெருக்கும். பெருத்த துளையில் ஆட்டம் கூடும்.

மூன்றாவது பகை காலம். அழுத்திப் பொருத்திய பிளாஸ்டிக், விரிந்து நிற்கும் அந்த நிலைக்கே பழகி, இறுக்கும் விசையை நாள்பட நாள்பட இழந்துவிடும். சூடு இதை விரைவுபடுத்தும். நைலானுக்கு ஈரமும் சேர்ந்துகொள்கிறது: காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும் இடத்தில் நைலான் 66 தன் எடையில் இரண்டரை சதவீதம் நீரை உறிஞ்சும், தண்ணீரிலேயே ஊறினால் எட்டரை சதவீதம். உறிஞ்சினால் அது உப்பிப் பெருக்கும், விறைப்பு குறையும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதம் அந்த 50ஐத் தாண்டியே இருக்கும். உலர்ந்த ஆய்வகத்தில் எடுத்த அளவுகளை நம்பி இங்கே ஒரு நைலான் கூட்டை வடிவமைக்க முடியாது.

ஆகவே வாஷிங் மெஷின்காரர்கள் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பேரிங் நேரடியாகத் தொடும் பகுதியை மட்டும் உலோகத்தில், பெரும்பாலும் அலுமினியத்தில் செய்கிறார்கள். அந்த உலோகக் குழலை அச்சுக்குள் வைத்து, அதைச் சுற்றி உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்துகிறார்கள். குழலின் வெளிப்புறத்தில் பள்ளங்களும் துளைகளும் இருக்கும். பிளாஸ்டிக் அவற்றுக்குள் புகுந்து இறுகி, ஆறும்போது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். அலுமினியமும் எஃகைவிட அதிகம் விரிவதுதான். ஆனால் மேலே போட்ட அதே கணக்கில் வித்தியாசம் 34 மைக்ரானாக இறங்கிவிடுகிறது. முதலிலேயே சற்று இறுக்கமாகப் பொருத்தினால் சமாளித்துவிடலாம். பேரிங்கைப் பிடிக்கும் வேலை உலோகத்துக்கு, அதிர்வைத் தின்னும் வேலை பிளாஸ்டிக்குக்கு என்ற இந்தப் பங்கீடு எளிமையானது. இந்தத் துறையின் ஆகச் சிறந்த யோசனையும் இதுவே எனலாம்.

அலுமினியம்கூட விரிந்து தளரும் இடங்களுக்கு இன்னொரு உத்தி இருக்கிறது. பேரிங்கின் வெளிவளையத்தைச் சுற்றி இரண்டு காடி வெட்டி, அவற்றில் ரப்பர் ஓ-ரிங்கையோ, அதிகம் விரியும் பிளாஸ்டிக் வளையத்தையோ உட்காரவைக்கிறார்கள். சூட்டில் துளை பெருக்கும்போது இந்த வளையமும் பெருத்து இடைவெளியை அடைத்துவிடும். விரிதல் என்ற குறையை விரிதலைக் கொண்டே ஈடுகட்டுகிறார்கள்.

சிறிய சாதனங்களில் உலோகக் குழலுக்கு இடமும் இல்லை, விலையும் கட்டாது. அங்கே பிளாஸ்டிக்கே நேரடிக் கூடு. அங்கே பெரிய கவலை துளையின் வட்டம். பேரிங்கின் வெளிவளையம் பார்க்க உறுதியாகத் தோன்றும். உண்மையில் அது மெல்லிய வளையம், தன்னை அழுத்தும் துளையின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். தொழிற்சாலையில் பேரிங்குகளை நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடவிட்டு, 50 முதல் 300, 300 முதல் 1,800, 1,800 முதல் 10,000 ஹெர்ட்ஸ் என மூன்று பட்டைகளில் அதிர்வை அளந்து தரம் பிரிக்கிறார்கள். பாதையின் வடிவக் கோணல் முதல் பட்டையில் தெரியும். சொரசொரப்பும் தூசியும் மேல் பட்டையில். இந்தச் சோதனையில் முதல் தரம் பெற்ற பேரிங், கோணலான பிளாஸ்டிக் துளைக்குள் போனதும் மட்டமான பேரிங்கைப்போல் உறுமும். பணத்தைக் கொட்டி அமைதியான பேரிங் வாங்கியும் மோட்டார் அமைதியாகாததற்குப் பல நேரம் இதுவே காரணம்.

துளை எப்படிக் கோணலாகிறது என்பது அச்சுப் பட்டறையில் தெரியும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயைக் கேட் என்பார்கள். ஒரு துளையைச் சுற்றி மூன்று கேட் வைத்தால், மூன்று இடத்தில் ஓட்டம் நேராகப் பாய்ந்து, மூன்று இடத்தில் ஒன்றோடொன்று முட்டி ஒட்டும். கேட்டுக்கு எதிரிலும் ஒட்டுக்கோட்டிலும் சுருக்கம் ஒரே அளவில் இருக்காது. கண்ணாடி இழை சேர்த்திருந்தால் இழைகள் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொண்டு சுருக்கத்தை இன்னும் சீரற்றதாக்கும். ஆறி வெளியே வரும் துளை, வெர்னியர் வைத்து அளந்தால் வட்டமாகவே தெரியும். வட்டத்தன்மை அளக்கும் கருவியில் வைத்தால் மூன்று முகடுகள் எழும். அதற்குள் அழுத்திய பேரிங்கின் குண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று இறுக்கமான இடங்களைக் கடந்தாகவேண்டும். நடுவில் வட்டத் தகடாகப் பாய்ந்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பரவும்படி கேட் அமைத்தால் இந்தக் கோணல் பெருமளவு குறையும். பிறகு அந்தத் தகட்டை வெட்டி எடுக்கும் வேலை ஒன்று கூடுதலாகச் சேரும். அமைதிக்கான விலையில் இதுவும் ஒன்று.

துளையின் சுவருக்குப் பின்னால் தடித்த விலா வைப்பதும் இதே வம்பைத்தான் இழுக்கும். விலா சேரும் இடத்தில் பிளாஸ்டிக் அதிகம், ஆற நேரமாகும், கடைசியாக ஆறும்போது சுருங்கி, சுவரை உள்ளே இழுத்துக் குழி விழச்செய்யும். சுவரின் தடிமனில் 50, 60 சதவீதத்துக்கு மேல் விலா தடிக்கக் கூடாது என்பது அச்சு வடிவமைப்பில் பாலபாடம். பொருத்துவதைச் சுலபமாக்க, துளைக்குள் மூன்று சிறு வரிமேடுகள் விட்டு, பேரிங் அவற்றை நசுக்கிக்கொண்டு உள்ளே போகும்படி செய்வதும் உண்டு. விலை குறைந்த பொம்மை மோட்டாருக்கு அது போதும். அமைதி வேண்டும் என்ற இடத்தில் அந்த மூன்று மேடுகளே வளையத்தை முக்கோணமாக்கிவிடும்.

பொருத்திய பிறகும் செய்யக்கூடிய ஒரு சின்ன காரியம், செலவோடு ஒப்பிட்டால் பெரிய பலன் தருகிறது. பேரிங்கின் பக்கவாட்டில் அலைபோல நெளிந்த மெல்லிய எஃகு வாஷர் ஒன்றைப் போட்டு, வெளிவளையத்தை அச்சின் திசையில் லேசாக அழுத்தி வைப்பார்கள். குண்டுகள் எப்போதும் இரு பாதைகளையும் தொட்டபடியே உருளும். இடைவெளிக்குள் தாவித்தாவி விழுவதில்லை. சிறு மோட்டார்களைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் இந்த வேவ் வாஷரை நன்றாக அறிவார்கள். திரும்பப் பூட்டும்போது இது தொலைந்துவிட்டால், புது பேரிங் போட்ட மோட்டாரும் கடகடக்கும்.

இனி அந்த அகன்ற பரப்பு. 1787இல் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் கிளாட்னி, தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்து, தகடு எங்கே அதிர்கிறது, எங்கே அசையாமல் நிற்கிறது என்பதை மணல் கோலங்களாக உலகுக்குக் காட்டினார். டப்பின் முதுகும் அப்படியொரு தகடுதான். இன்று மணலுக்குப் பதில் லேசர் கதிரால் புள்ளி புள்ளியாக அளந்து அதே கோலத்தைத் திரையில் பார்க்கிறார்கள். விலா வைத்தால் விறைப்பு கூடி, ஒத்ததிர்வு மேல் அதிர்வெண்ணுக்கு நகர்ந்துவிடும். மோட்டாரின் வேகத்தோடு அது மோதாத இடத்துக்குத் தள்ளிவிடலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விலாக்களை அடுக்குவது ஆபத்து. எடை கூடாமல் விறைப்பு மட்டும் கூடிய தகட்டில் வளைவு அலைகள் வேகமாக ஓடும். அந்த வேகம் காற்றில் ஒலி செல்லும் வேகத்தை எட்டிவிட்டால், தகடு காற்றை நழுவவிடாமல் முழுவீச்சில் தள்ளத் தொடங்கும். தளர்ந்த, கனத்த, மந்தமான தகடுதான் மோசமான ஒலிபெருக்கி. விலாக்கள் வேண்டியது பேரிங்கைச் சுற்றி, பாரம் பாயும் வழியில். எட்ட இருக்கும் பரப்பில் விறைப்பைவிடத் தணிப்புக்கே மதிப்பு அதிகம்.

பேரிங்குக்கும் கூட்டுக்கும் நடுவே ரப்பரைச் செருகிவிட்டால் என்ன என்று எவருக்கும் தோன்றும். பல இடங்களில் அது பலிக்கிறது. ஒரு நிபந்தனை: அந்த ரப்பர் மெத்தையின் சொந்த அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றை அப்படியே கடத்தும், சிலவற்றைப் பெருக்கியும் விடும். உயர்ந்த இரைச்சலைத் தடுக்கச் செருகிய ரப்பர், தண்டைத் தொய்யவிட்டு வேறொரு ஆட்டத்தை உண்டாக்கிய கதைகள் மோட்டார் தொழிலில் ஏராளம். கணினி விசிறிகளில் ரப்பரைப் பேரிங்கைச் சுற்றி வைக்காமல் சட்டத்தின் நான்கு மூலைகளில் வைப்பது இதனால்தான். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2018இல் வெளியிட்ட 12 சென்டிமீட்டர் விசிறி, பிளாஸ்டிக்கை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதற்கு நல்ல பாடம். இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர். சுழலும் விசையில் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிடாதிருக்க, இறக்கைகளை விறைப்பான திரவப் படிக பாலிமரில் வார்க்கிறார்கள். பேரிங் உட்காரும் குழலை மட்டும் பித்தளையில் கடைந்து எடுக்கிறார்கள். மூலைகளில் ரப்பர். ஒரு கையில் அடங்கும் சாதனத்தில் மூன்று பொருள்கள், மூன்று வேலைகள்.

குண்டுகளே வேண்டாம் என்று முடிவுசெய்தவர்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள் தண்டு வழுக்கிச் சுற்றினால் உருளும் இரைச்சல் என்பதே கிடையாது. கிரீஸும் வேண்டாம், கழுவிவிடலாம். வேகம் குறைந்த கன்வேயர்களுக்கும் பொதிகட்டும் இயந்திரங்களுக்கும் இது கச்சிதம். ஆனால் வேறொரு சத்தம் அங்கே காத்திருக்கிறது. நின்ற நிலையின் உராய்வு, ஓடும்போது உள்ள உராய்வைவிட அதிகமாக இருந்தால் பரப்புகள் ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டி, கிறீச்சிடும். அசெட்டாலோடே உரசும் அசெட்டால் பிளாஸ்டிக் இந்தக் கிறீச்சலுக்குப் பேர்போனது. ஜோடியில் ஒன்றை வேறு பிளாஸ்டிக்காக மாற்றுவதும், வார்க்கும்போதே டெஃப்லான் தூளோ சிலிக்கோன் எண்ணெயோ கலப்பதும் இதற்குக் கண்ட மருந்துகள்.

சத்தம் வந்துவிட்டால் மூலத்தைக் கண்டுபிடிக்கும் எளிய வழி ஒன்றைப் பழுதுபார்ப்பவர்கள் கைவசம் வைத்திருக்கிறார்கள். மெஷினை முழு வேகத்தில் பிழியவிட்டு, மோட்டாரை நிறுத்தி, டிரம் தானாக ஓய்வதைக் கேட்பார்கள். வேகம் இறங்க இறங்கச் சுருதியும் கூடவே இறங்கினால் அது சுற்றுவதோடு கட்டுண்ட சத்தம்: பேரிங், பெல்ட், மோட்டார். சுருதி மாறாமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடக்கும்போது மட்டும் திடீரென்று வீங்கி அடங்கினால் அது கூட்டின் ஒத்ததிர்வு. முதல் வகையில் பேரிங்கை மாற்றலாம். இரண்டாம் வகையில் எத்தனை பேரிங் மாற்றினாலும் காசுதான் போகும். பின்பு டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றி, நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியைக் கூட்டின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். நல்ல பேரிங் சீராக ஓடும். துருவேறியது மணலை அரைக்கும்.

வாஷிங் மெஷினில் துரு வருவது பெரும்பாலும் சீல் வழியாகத்தான். தண்டைக் கவ்வும் ரப்பர் உதடு தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் பெரிய பேரிங்குக்குள் கசிந்து கிரீஸைக் கழுவிவிடும். சீலும் பேரிங்கும் விலை குறைந்த உதிரிகள். ஆனால் பல மாடல்களில் டப்பின் இரு பாதிகளையும் திருகுபோட்டு இணைக்காமல் சூட்டால் ஒட்டிவிடுகிறார்கள். ஒழுகாது, விறைப்பாக இருக்கும், உற்பத்தியும் வேகம் என்பது அவர்கள் தரப்பு நியாயம். பேரிங் போனால் டப், டிரம், ஸ்பைடர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். அந்தச் செலவுக்குப் புது மெஷினே வாங்கிவிடலாம் என்று பலரும் பழையதைத் தூக்கிப்போடுகிறார்கள். திருகும் கேஸ்கெட்டும் போட்டு இணைத்த டப்புகள் சந்தையில் இருக்கத்தான் செய்கின்றன. விறைப்பு வேண்டுமென்றால் அதை விலாக்களிலும் உலோகக் குழலிலும் தேடலாம். பிரிக்க முடியாத மூட்டில் தேடுவது நியாயமாகப் படவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் இரண்டு பக்கமும் நெருக்குகின்றன. பிழியும்போது எழும் சத்தத்தை டெசிபலிலும், ஏ முதல் டி வரை நான்கு தரங்களிலும் மெஷினின் லேபிளில் அச்சிட்டாக வேண்டும். 73 டெசிபலுக்குக் கீழே இருந்தால்தான் ஏ. கூடவே, ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு டிரம், ஸ்பைடர், அவற்றின் பேரிங்குகள் ஆகியவற்றைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு உதிரியாகத் தந்தாகவேண்டும். தனித்தனியாகவும் தரலாம், ஒரே தொகுப்பாகவும் தரலாம் என்று அந்த விதி ஒரு சந்து விட்டிருக்கிறது. ஒட்டிய டப்புகள் இன்றும் தயாராவது அந்தச் சந்தின் வழியாகத்தான்.